தாலியும் வளையலும் ஒரே ரசீதில்

கேள்வி:

"ஐயா, எனக்கு 48 வயது. டெல்டா பக்கத்து ஊர். 2021 கடைசியில் குவைத்துக்கு வீட்டுச் சமையல் வேலைக்குப் போனேன். நடுவில் ஊருக்கு வரவே இல்லை. மகள் வளைகாப்புக்காக 2025 ஜனவரி 19ஆம் தேதி விடியற்காலை விமானத்தில் வந்து இறங்கினேன். கழுத்தில் என் தாலிச் செயின் 5 பவுன். கையில் குவைத்தில் வாங்கிய வளையல் இரண்டும் சேர்த்து 3 பவுன். கைப்பையில் மகளுக்கு வாங்கிய செயின் 2 பவுன். பெட்டியை எடுத்துக்கொண்டு எல்லோரும் போன வழியிலேயே நானும் போனேன். வாசலில் நிறுத்தி, இவ்வளவு நகை ஏது என்று கேட்டு, அத்தனை பேர் முன்னால் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். இங்கிலீஷில் அச்சடித்த தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மொத்தம் 80 கிராம் என்று எழுதி ஒரு ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் செயின் 1998இல் என் கல்யாணத்துக்கு அப்பா போட்டது. மகள் படிப்புக்காக சொசைட்டியில் இரண்டு தடவை வைத்து மீட்டது. வெறும் மஞ்சள் கயிற்றோடுதான் வளைகாப்பில் நின்றேன். நாற்பதாயிரம் கொடுத்தால் எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். ஏர்போர்ட் செக்யூரிட்டிக்காரர்கள் இப்படிச் செய்யலாமா? என் தாலி திரும்பக் கிடைக்குமா? கூட வந்த என் தம்பியின் 43 இஞ்ச் டி.வி.க்கும் வரி போட்டார்கள். அது சரியா?"

பெயர், ஊர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில், அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சுங்கத் துறைக்குக் கட்டும் எந்தப் பணத்துக்கும், வரியோ அபராதமோ எதுவானாலும், அரசு ரசீது உண்டு. ரசீதில்லாத நாற்பதாயிரத்துக்கு உங்கள் நகை ஒரு அங்குலமும் நகராது.

நான் 23 வருடம் சுங்கத் துறையில் வேலை பார்த்தவன். அதில் ஆறு வருடம் விமான நிலையங்களில். விருப்ப ஓய்வு பெற்று, இப்போது இதே சட்டத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால் உங்களிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். உங்கள் தாலி விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. வளையல், மகளின் செயின் விஷயத்தில் நீங்கள் தெரியாமல் ஒரு தவறு செய்திருக்கிறீர்கள். இந்த இரண்டையும் ஒரே ரசீதில், ஒரே எடையாக, 80 கிராம் என்று முடிந்துவைத்திருப்பதுதான் இப்போதைய சிக்கல். அந்த முடிச்சைக் காகிதத்தில் அவிழ்ப்பதுதான் உங்கள் முதல் வேலை. அதை ஜூலை 19க்கு முன் செய்ய வேண்டும். ஏன் அந்தத் தேதி என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் 'செக்யூரிட்டி' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை நிறுத்தியவர்கள் அவர்கள் அல்ல. காக்கிச் சீருடையில் கைப்பையைச் சோதித்து விமானம் ஏற்றுபவர்கள் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது குடியேற்றத் துறை. இந்த இரண்டும் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. பெட்டி வரும் இடத்துக்குப் பிறகு வெள்ளைச் சீருடையில் நிற்பவர்கள் சுங்கத் துறையினர், நிதி அமைச்சகத்தின் ஆட்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏற்கெனவே இரண்டு மூன்று இடங்களுக்குப் புகார் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விமான நிலைய மேலாளருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதினால் பதில் வராது. உங்கள் ரசீதின் தலைப்பில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் எழுத வேண்டும்.

இப்போது அந்த 'எல்லோரும் போன வழி'. அதற்குப் பெயர் கிரீன் சேனல். பச்சை வழியில் கால் வைத்தாலே, வரி கட்ட வேண்டிய பொருள் என்னிடம் எதுவும் இல்லை என்று நீங்கள் வாயால் சொன்னதற்குச் சமம். இருக்கிறது என்றால் சிவப்பு வழி, ரெட் சேனல். சுங்கச் சட்டம் 1962இன் 77ஆம் பிரிவு, பயணி தன் பெட்டியில் உள்ளதைத் தானே முன்வந்து சொல்ல வேண்டும் என்கிறது. அதிகாரி கேட்ட பிறகு சொல்வது அந்தக் கணக்கில் சேராது. விமானத்தில் தூங்கி எழுந்து, மூன்று வருடம் கழித்து மகளைப் பார்க்கப் போகிற அவசரத்தில், முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்கிற ஒரு பெண்ணுக்கு இந்தப் பலகைகள் என்ன சொல்கின்றன என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் சட்டம் இதே சட்டம்.

விதி என்ன சொன்னது? நீங்கள் வந்து இறங்கியபோது இருந்த 2016ஆம் ஆண்டின் பயணப் பெட்டி விதிகளில் 5ஆம் விதி, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பெண் 40 கிராம் வரை நகையை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்றது. ஆணுக்கு 20 கிராம். 40 கிராம் என்றால் 5 பவுன். குவைத்திலும் துபாயிலும் நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இதைத்தான்: "பொம்பளைக்கு அஞ்சு பவுன் ஃப்ரீ." உங்கள் வளையலும் மகளின் செயினும் சேர்ந்தால் சரியாக 5 பவுன். நீங்களும் அதைக் கேட்டுத்தான் வாங்கியிருப்பீர்கள்.

அந்த வாக்கியத்துக்கு ஒரு வால் இருந்தது. நகையின் மதிப்பு 1,00,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது அது. ஆணுக்கு 50,000. இந்தத் தொகையை நிர்ணயித்தது 2013 பட்ஜெட்டில். அப்போது நிதி அமைச்சர் ப. சிதம்பரம். தங்கம் கிராம் மூவாயிரத்துக்குள் இருந்த காலம் அது. ஒரு லட்சத்துக்கு நாலரைப் பவுன் வரும். 2016இல் எடை வரம்பைச் சேர்த்தபோதும் தொகையை மாற்றவில்லை. நீங்கள் வந்து இறங்கிய ஜனவரியில் கிராம் சுமார் 7,400 ரூபாய். ஒரு லட்சத்தை அதால் வகுத்துப் பாருங்கள், பதின்மூன்றரை கிராம். ஒன்றே முக்கால் பவுனுக்கும் குறைவு. எடையில் 5 பவுன் என்று எழுதிவிட்டு விலையில் ஒன்றே முக்கால் பவுனாக்கிய விதி இது. பவுன் எழுபதாயிரத்தில் நின்ற 2025 மே மாதத்தில் அது இன்னும் சுருங்கிவிட்டது. தங்க விலை ஏறும்போதெல்லாம், எந்த அறிவிப்பும் இல்லாமல், திரும்பி வருகிற தொழிலாளியின் சலுகை தானாகவே குறைந்தது. இது அநியாயம் என்று நான் பணியில் இருந்தபோதே மேலதிகாரிகளிடம் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். டில்லி உயர் நீதிமன்றமும் இந்த விதிகளை மறுபடியும் பார்க்கும்படி சுங்க வாரியத்தைக் கேட்டிருந்தது. நீங்கள் வந்து இறங்கிய நாளில் இதுதான் விதி.

நீங்கள் சிவப்பு வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைச் சொல்வது உங்கள் மனதைப் புண்படுத்தும் என்று தெரியும். ஆனாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லியாக வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்து வரும் இந்தியர், கல்லோ முத்தோ பதிக்காத தங்க நகையை ஒரு கிலோ வரை குறைந்த வரியில் கொண்டுவரலாம். 2024 ஜூலை பட்ஜெட்டுக்குப் பிறகு அந்த வரி மொத்தம் 6 சதவீதம். அதற்கு முன் 15 சதவீதமாக இருந்தது. உங்கள் 40 கிராம் புது நகை சுமார் 2,96,000 ரூபாய். ஒரு லட்சம் சலுகை போக மீதம் 1,96,000. அதில் 6 சதவீதம் என்றால் 11,760 ரூபாய். இந்த வரியை வெளிநாட்டுப் பணத்தில் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை, அதாவது ஏறக்குறைய 42 தினார். கவுன்டரில் கட்டி, ரசீது வாங்கி, வளையலைக் கையில் போட்டுக்கொண்டே வெளியே வந்திருப்பீர்கள்.

மகளைப் பார்க்க மூன்று மாதம் போய்விட்டு வரும் தாய்மார்களுக்கு இந்த 6 சதவீதம் கிடையாது, 40 கிராம் சலுகையும் கிடையாது. அங்கே புதிதாக வாங்கும் நகைக்கு அடிப்படை வரியே 35 சதவீதம். சிங்கப்பூரில் மலிவு என்று வாங்கி வருபவர்கள் இதைக் கணக்குப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

தாலிக்கு வருகிறேன்.

1998இல் இந்தியாவில் செய்து, உங்கள் கழுத்தில் இந்தியாவிலிருந்து போய், உங்கள் கழுத்திலேயே திரும்பி வந்த நகை இறக்குமதிச் சரக்கு ஆகாது. அந்த 40 கிராம் வரம்போடு அதற்குச் சம்பந்தமும் இல்லை. பயணியின் சொந்த உபயோக நகையையும், விற்கவோ பரிசளிக்கவோ கொண்டுவரும் நகையையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து சுற்றுலாப் பயணியாக வந்த பெண் ஒருவரின் சொந்த நகை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. டில்லி உயர் நீதிமன்றம் 2024இல், விதியில் 'நகை' என்று இருக்கும் சொல் ஒருவர் அணிந்து பழகிய சொந்த நகையைக் குறிக்காது என்று விளக்கியது. உங்களுக்கு மிக நெருக்கமான வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தது. இலங்கையிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கிய புதுமணப் பெண்ணின் தாலிச் செயினைக் கைப்பற்றிய வழக்கு. நகையைத் திருப்பிக் கொடுக்கும்படி 2025 தொடக்கத்தில் உத்தரவு வந்தது. தாலியைக் கழற்றச் சொன்ன நடத்தையையும் நீதிமன்றம் கண்டித்தது. அது தனி நீதிபதியின் தீர்ப்பு, துறை மேல்முறையீட்டுக்குப் போகலாம். அதனால் அந்த ஒரு தீர்ப்பை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். இது உங்கள் பழைய நகைதான் என்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

ஆதாரம் இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "சொசைட்டியில் இரண்டு தடவை வைத்து மீட்டது" என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு மனது நிம்மதியானது. கூட்டுறவு சங்கத்தில் நகை வைக்கும்போது மதிப்பீட்டாளர் என்ன செய்கிறார்? உரைகல்லில் உரைத்துப் பார்த்து, நகையின் பெயர், எண்ணிக்கை, மொத்த எடை, கழிவு போக நிகர எடை, தேதி எல்லாவற்றையும் எழுதுகிறார். நீங்கள் குவைத்துக்குப் போவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், இன்றைய வழக்கு எதுவும் இல்லாத காலத்தில், உங்களுக்கு வேண்டியவரல்லாத ஒருவர் எழுதிய பதிவு அது. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கடை பில் தொலைந்துவிட்டதே என்று அழுகிற எத்தனையோ பேரிடம் நான் முதலில் கேட்பது, எங்கேயாவது அடகு வைத்திருக்கிறீர்களா என்பதைத்தான்.

இதோடு கல்யாண ஆல்பத்தில் செயின் தெரியும் படங்கள், 2021க்கு முன் எடுத்த குடும்பப் படங்கள், குவைத்தில் இருந்தபோது மகளுடன் வீடியோவில் பேசியபோது எடுத்த படம் இருந்தால் அது, இவற்றையும் சேருங்கள். வளையலுக்கும் மகளின் செயினுக்கும் குவைத் கடை பில்லைத் தேடி எடுங்கள். பில்லைக் கொடுத்தால் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். பில் உங்கள் பெயரில், உங்கள் சம்பளத் தேதியை ஒட்டி இருந்தால், நீங்கள் யாருக்காகவோ தங்கம் சுமந்த ஆள் இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

உங்கள் மேல் ஏன் சந்தேகம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 'குருவி' என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டிக்கெட் காசுக்காக அடுத்தவர் தங்கத்தைச் சுமந்து வருபவர்கள். தங்கத்தைப் பசையாகக் குழைத்து உள்ளாடையில் தைத்து வருவார்கள், மாத்திரை உருண்டைகளாக்கி உடம்புக்குள் வைத்து வருவார்கள். விடியற்காலையில் வளைகுடா விமானம் இறங்கும்போது நூற்றைம்பது பேருக்கு மேல் ஒன்றாக வருவார்கள், வாசலில் நிற்கும் அதிகாரிகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். சந்தேகப்பட்ட பெட்டியில் ஸ்கேன் அறையிலேயே சாக்பீஸால் கோடு போட்டு அனுப்புவோம். இவ்வளவு நெருக்கடிக்கு நடுவில் கூலிக்காரக் குருவியையும் வீட்டுக்குத் திரும்பும் தாயையும் கண்ணால் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருப்பதுதான் அந்த வேலை. அது தெரியாதவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் வைக்கிறார்கள்.

நானும் வைத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், உங்கள் வயதுள்ள ஒரு அம்மாவின் தாலியை எடை போட வேண்டி வந்தது. கண்ணாடிக் கதவு வைத்த சின்ன எலக்ட்ரானிக் தராசு அது, மூச்சுக் காற்று பட்டாலே எண் மாறும். மஞ்சள் கயிறு எடையைக் கூட்டிக் காட்டும், அறுத்துவிட்டு வை என்றார் மேலதிகாரி. அந்த அம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கயித்த மட்டும் அறுக்காதீங்க சாமி" என்றார். கயிற்றோடு அப்படியே வைத்து, மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருளை எழுதிவைக்கும் பதிவில், 'மஞ்சள் கயிறு உட்பட' என்று எழுதினேன். அந்த மூன்று வார்த்தை எழுதியதற்கு எனக்கு அன்று நல்ல ஏச்சு விழுந்தது. நகையைப் பிடித்து வைப்பதை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தில் மஞ்சள் கயிறு என்று படித்ததும் அந்த அம்மாவின் விரல்கள்தான் கண் முன்னால் வந்தன.

அதனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். உடல் சோதனை என்றால், அருகிலுள்ள கெஜட்டட் சுங்க அதிகாரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ அழைத்துப் போகும்படி கேட்க 102ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. வரிசையில் நிற்பவர்கள் பார்க்கத் தாலியைக் கழற்றச் சொன்னதை, தேதி, நேரம், விமான எண்ணுடன் தனிப் புகாராக எழுதுங்கள். நகையைக் கேட்கும் மனுவில் அதைக் கலக்க வேண்டாம். மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர் இணையதளத்தில் நிதி அமைச்சகத்தின் கீழ் சுங்கத் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தால் எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து, புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம்.

இனி நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்கள். ஒன்று 108ஆம் பிரிவின் கீழ் எடுத்த வாக்குமூலமாக இருக்கும். இன்னொன்று அநேகமாக, "எனக்கு ஷோ காஸ் நோட்டீஸ் வேண்டாம், நேரில் விசாரணையும் வேண்டாம்" என்று ஏற்கெனவே அச்சடித்து வைத்த படிவம். ஒருவரின் பொருளைப் பறிமுதல் செய்வதற்கு முன் காரணம் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, அவர் பதிலைக் கேட்க வேண்டும் என்பது 124ஆம் பிரிவு. அதை வேண்டாமென்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்குவது செல்லாது என்று டில்லி உயர் நீதிமன்றம் 2025இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. டில்லித் தீர்ப்பு நம் ஊர் அதிகாரியைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் மேற்கோள் காட்டினால் மதிப்பு உண்டு. அந்தத் தாள்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாக்குமூலம் உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தது, யாரும் படித்துக் காட்டவில்லை என்பது உண்மையானால், அதை உடனே எழுத்தில் சொல்லுங்கள். உண்மையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஒரு வார்த்தை கூட்டினாலும் மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

ஜூலை 19க்கு வருவோம். சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி, பொருளைக் கைப்பற்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம், ஆனால் அதற்கு ஆணையர் காரணம் எழுதி, கெடு முடிவதற்குள் உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்கு வரும் தபாலை யாராவது தினமும் பார்த்துக்கொள்ளட்டும். நோட்டீஸ் வந்தால் அதில் உள்ள தேதிக்குள் பதில் போக வேண்டும்.

நோட்டீஸ் வேண்டாமென்று நீங்கள் எழுதிக் கொடுத்ததாக வைத்து, ஏற்கெனவே உத்தரவே போட்டிருக்கவும் கூடும். அதை உடனே விசாரியுங்கள். உத்தரவு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போக வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள் பொறுப்பார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூட அவருக்கு அதிகாரம் இல்லை. அபராதம் விதித்திருந்தால் அதில் ஏழரை சதவீதம் முன்பணமாகக் கட்ட வேண்டும். அங்கேயும் தோற்றால், பயணப் பெட்டி வழக்குகள் தீர்ப்பாயத்துக்குப் போகாது. மூன்று மாதத்துக்குள் மத்திய அரசிடம் மறுஆய்வு மனு போட வேண்டும். அது நீண்ட பாதை. இப்போது ஒழுங்காக எழுதினால் அவ்வளவு தூரம் போக வேண்டியிராது என்று நம்புகிறேன்.

மனுவை எப்படி எழுதுவது? ரசீது எண்ணைக் குறிப்பிட்டு, சுங்கத் துறை இணை ஆணையருக்கு இரண்டு பகுதியாக எழுதுங்கள். முதல் பகுதி தாலிச் செயின் மட்டும்: 1998ஆம் ஆண்டு நகை, இந்தியாவிலிருந்து அணிந்து சென்றது, ஆதாரங்கள் இவை, வரியோ அபராதமோ இல்லாமல் விடுவிக்க வேண்டும். இரண்டாம் பகுதி வளையலும் மகளின் செயினும்: குவைத்தில் வாங்கியது, பில் இதோ, கையில் வெளிப்படையாக இருந்தது எது, கைப்பையில் இருந்தது எது, அறியாமையால் பச்சை வழியில் வந்தேன், மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்ததற்கான சலுகையையும் குறைந்த வரியையும் கொடுத்து, 125ஆம் பிரிவின்படி மீட்புத் தொகை (பறிமுதலான பொருளை மீட்கக் கட்டும் பணம்) விதித்து விடுவிக்க வேண்டும். இந்த இரண்டாம் பகுதியில் கொஞ்சம் பணம் செலவாகும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மீட்புத் தொகையில் விடுவிப்பதா இல்லையா என்பதில் அதிகாரிக்கு ஓரளவு விருப்புரிமை உண்டு என்று துறை வாதிடும். அதனால்தான் தாலியை இதோடு கோக்க வேண்டாம் என்று இவ்வளவு சொல்கிறேன்.

கடைசியில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: வழக்கு முடியும் வரை நகைகளை உருக்கவோ விற்கவோ வேறு வகையில் அகற்றவோ கூடாது. கைப்பற்றிய தங்கத்தை வழக்கு முடியும் முன்பே அகற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது. விற்ற பிறகு பணம் திரும்பி வரலாம், தாலி வராது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், எந்தப் பெண்ணுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தால் அங்கேயும் தனிக் குழு இருக்கிறது.

தம்பியின் டி.வி. வரி சரிதான். 2013 ஆகஸ்டிலிருந்து தட்டைத் திரை டி.வி.க்கு இலவச அனுமதி கிடையாது, நீங்கள் வந்தபோது எந்த அளவானாலும் வரி 38.5 சதவீதம். அங்கே வாங்கிய விலை, வரி, சுமைக் கூலி மூன்றையும் கூட்டினால் இங்கேயே வாங்கியிருக்கலாம்.

மறுபடி குவைத் போவதாக இருந்தால், போகும்போது விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். எடை, வடிவம் எழுதி முத்திரை போட்டுத் தருவார்கள். திரும்பும்போது அந்தத் தாளைக் காட்டினால் போதும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டியிருக்கும், போங்கள். இன்னொன்று, "இந்தச் செயினைப் போட்டுக்கொண்டு போய் ஊரில் என் ஆளிடம் கொடு, டிக்கெட் காசு தருகிறேன்" என்று அங்கே யாராவது கேட்டால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் தொடாதீர்கள். கைதாகி, அந்தச் செயின் யாருடையது என்று நிரூபிக்க முடியாமல் நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் ஒருவர்கூட வந்து நின்றதில்லை.

நாளைக் காலையில் முதல் வேலையாக சொசைட்டிக்குப் போங்கள். செயலாளரிடம் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, இரண்டு தடவை வைத்த கடன் பதிவேட்டுப் பக்கத்துக்கும் சான்றொப்பமிட்ட நகல் கேளுங்கள். அதில் உள்ள எடையை ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரசீதில் மொத்தமாக 80 என்று மட்டும் இருந்தால், மகஜரில் ஒவ்வொரு நகைக்கும் தனி எடை இருக்கும், அதன் நகலையும் கேளுங்கள். செயினின் எடை சொசைட்டி கணக்கைவிடச் சில மில்லிகிராம் குறைந்திருந்தால் பயப்படாதீர்கள். 27 வருடம் கழுத்தில் கிடந்த பொன் அவ்வளவு தேயத்தான் செய்யும். அதையும் மனுவில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.